ரெஜினாவுக்குப் போட்ட ஊசி

அக்காள்மடத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஐஸ் கம்பெனிக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். முன்னறையில் இரண்டு பெஞ்சு, உள்ளே ஒரு மேஜை, திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், அவ்வளவுதான். வெளியே பலகையில் 'டாக்டர் பொ. முத்துகிருஷ்ணன், எம்.பி.பி.எஸ்.,' என்று எழுதியிருக்கும். கடைசியில் ஒரு கமா போட்டு, கொஞ்சம் இடமும் விட்டு எழுதச் சொன்னவன் நான்தான். மேற்படிப்பு முடித்ததும் அங்கே சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. நுழைவுத் தேர்வை நான்கு முறை எழுதினேன். இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் ஒரு பல்லி குடியிருக்கிறது.

இது என் சொந்த ஊர் இல்லை. என் ஊர் உப்பூருக்கு மேற்கே உள்ளடங்கிய ஒரு கிராமம். அய்யா பொன்னுச்சாமி நெல்லும் குண்டு மிளகாயும் போட்டவர். மிளகாய் காயும் களத்தில் தும்மித் தும்மி வளர்ந்தவன் நான். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உப்புக் கரிக்கும் என்பதுதான். மனைவி கோகிலாவுக்கு ராமேஸ்வரத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது, பின்னாலேயே வந்தேன். வந்த புதிதில் பெண்கள் ஏதாவது மீன் பேரைச் சொல்லி, இதைச் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். 'அளவாச் சாப்பிடலாம்' என்பேன். எல்லா மீனுக்கும் அதே பதில்தான். ஒருநாள் அப்படிச் சொன்னதும் பெஞ்சில் ஒரே சிரிப்பு. கேட்டவள் சும்மா ஆழம் பார்த்திருக்கிறாள். அவள் சொன்ன பேத்தை, தின்றால் ஆளைக் கொல்லும் விஷ மீன்.

ராமேஸ்வரத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ராமநாதபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனாலும் கெளுத்தி முள் கையில் ஏறியவனும், திருக்கை காலில் அடித்தவனும், பாம்பன் பாலத்தில் பைக்கோடு சறுக்கியவனும், தீர்த்தமாடப் போய் மூச்சுத் திணறிய வடநாட்டுக்காரரும் முதலில் வந்து விழுவது என் பெஞ்சில்தான். என் திறமையை நம்பி யாரும் வருவதில்லை. ரோட்டு ஓரத்தில் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அது போதும். ஆபத்துக்குப் பாவமில்லை என்று என்னிடமும் வந்துவிடுகிறார்கள்.

நான் என்ன செய்வேன்? பயப்படுவேன். அதுதான் என் வைத்தியம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு நெஞ்சைப் பிடித்தவனெல்லாம் மாரடைப்பு, தலையைப் பிடித்தவனெல்லாம் மூளையில் ரத்தக்கசிவு. கையில் கிடைத்ததைக் கொடுத்து, ஆக்சிஜன் வைத்து, சலைன் ஏற்றி, 108-க்குப் போன் போட்டு ராமநாதபுரத்துக்கு அனுப்பிவிடுவேன். இங்கே எல்லாருக்கும் அது ராம்நாடு. எனக்கு ஊர் வைத்த பேர் ராம்நாட்டு டாக்டர்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பயமில்லாமல் இருந்தேன். ஊசி. இந்தக் கரையில் ஊசி போடாமல் அனுப்பினால் டாக்டரைப் பார்த்ததாகவே கணக்கில்லை. முதல் வருடம் மாத்திரை போதும் என்று வாதாடிப் பார்த்தேன். "ஊசி போடலன்னா இவுக எதுக்கு சார் இம்புட்டு தூரம் வாராக?" என்று என் நர்ஸ் முருகலட்சுமியே கேட்டாள். எல்லாரும் செய்வதைத்தானே செய்கிறோம் என்று நானும் ஊரோடு ஒத்துப்போனேன். உடம்பு வலி என்றால் வலி ஊசி. மருந்து என்னவோ ஒன்றுதான், போடும் இடம்தான் ஆளுக்கு ஆள் இடது, வலது என்று மாறும்.

போன தை மாதம் ரூபஸ் வந்தான். விசைப்படகு டிரைவர், தூணைப் போல உடம்பு. நெஞ்சு அடைக்குது என்றான். வியர்த்திருந்தது. ஈசிஜி எடுத்தேன், கோடு தாறுமாறாகத் துள்ளியது. பிறகுதான் புரிந்தது, துள்ளியது அவன் இதயம் இல்லை, கட்டிலின் ஆடுகிற கால். எனக்குப் பொறுமை ஏது? 108 வந்தது, ரூபஸ் போனான். ராம்நாட்டில் இரண்டு தரம் ஈசிஜி எடுத்து, ரத்தம் எடுத்து, ஒரு பகல் படுக்கவைத்து, வாய்வு என்று திருப்பி அனுப்பினார்கள். டிரைவர் இல்லாமல் அன்றைக்குப் படகு கடலுக்குப் போகவில்லை. திரும்பி வந்தவன் இறங்குதுறையில் நின்று, "அந்த ஆளுகிட்டத் தும்மிராதீகடா, வண்டியக் கூப்பிட்டுருவாரு" என்று அறிவித்துவிட்டான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் டீக்கடைக்குப் போனேன். "சார், டீய இங்கனயே போடவா, ராம்நாட்டுக்கு அனுப்பிரவா?" என்றார் டீ மாஸ்டர். கடை முழுக்கச் சிரித்தது. நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் பொரிந்து தள்ளினேன். மறுநாள் காலை இட்லிக்கு முன்னால் ஒரு சபதம் போட்டேன். இன்றைக்கு ஒருத்தரையும் ராம்நாட்டுக்கு அனுப்பமாட்டேன், யார் வந்தாலும் நானே பார்ப்பேன்.

"இது வீரமா, வீம்பா?" என்றாள் கோகிலா.

"இருபத்திரண்டு வருசமா பயந்தாச்சு. ஒருநாள் டாக்டரா இருந்து பாக்குறேன்" என்றேன். என் வாயில் அன்றைக்குச் சனி இருந்திருக்கிறது.

ஒன்பதரை மணிக்கு ரெஜினா வந்தாள். நாற்பத்திரண்டு வயது. அவள் கணவன் பிரடெரிக் நாட்டுப் படகில் நண்டு வலை போடுபவன். விடியும்போது அவன் வலையோடு கரைக்கு வருவான். வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவது ரெஜினாவின் வேலை. நண்டின் கால் ஒடியாமல், வலையின் கண்ணி அறாமல் கழற்ற வேண்டும். அந்த வேலையில் விரல்களுக்கு என்ன ஆகிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை. என்னிடம் எப்போதாவது ஜாஸ்லினைக் கூட்டிக்கொண்டு வருவாள், அவள் மகள். தனக்கென்று ரெஜினா வந்து நான் பார்த்ததில்லை. இதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு டாக்டர். கழுத்தைத் திருப்ப முடியல, தொடையெல்லாம் கடுக்குது. ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றாள்.

"எப்ப இருந்து?"

"காலைல நண்டு கழட்டுனப்ப நல்லாத்தான் இருந்தேன். நடுவுல கையில என்னமோ சுருக்குன்னுச்சு. நண்டுதான் கவ்வியிருக்கும். அதுக்குப் பொறவு ஒரு மணி நேரத்துல இப்பிடி ஆகிப்போச்சு."

"கை வலிக்குதா?"

"கையில வலியே இல்ல டாக்டர்."

பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் சிரித்தவர்களில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். எனக்கு ஒரு நகைச்சுவை தோன்றியது. வாழ்க்கையில் நல்ல யோசனை தோன்றாத நேரமெல்லாம் எனக்கு நகைச்சுவை தோன்றும்.

"நண்டு கவ்வுனதுக்கு ராம்நாடு அனுப்பிரவா?" என்றேன் சத்தமாக.

பெஞ்சு குலுங்கியது. என்னையே நான் கிண்டல் பண்ணிக்கொண்டதில் ஊருக்கு ஒரே சந்தோஷம். ரெஜினாவும் சிரித்தாள். வாயைத் திறக்காமல் உதட்டோடு சிரித்தாள். இத்தனை பேர் முன்னால் கூச்சம் போல என்று நினைத்துக்கொண்டேன். வலி ஊசி என்று சீட்டில் எழுதினேன், திரைக்குப் பின்னால் முருகலட்சுமி போட்டாள். நிறையத் தண்ணீர் குடி, படுத்துத் தூங்கு என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. சபதம் காப்பாற்றப்பட்டது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பன்னிரண்டரைக்கு யாக்கோபு வந்தார். எழுபது வயது. கடலுக்குப் போவதை விட்டாலும் கரைக்கு வருவதை விடாதவர். மாதா மாதம் பிரஷர் பார்த்து மாத்திரை வாங்கிப் போவார். கையில் பட்டையைச் சுற்றி நான் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, அவர் கரைச் செய்தி வாசிக்க ஆரம்பித்தார். பிரஷர் பார்க்கும்போது பேசக்கூடாது என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன்.

"இன்னைக்கு நம்ம பிரடெரிக்கு வலையில ஒரு பாம்பு கெடந்துச்சு டாக்டர். நல்ல நீட்டம். பட்டை வாலு. நான்தான் வாலைப் புடிச்சுத் தூக்கிக் கடல்ல எறிஞ்சேன். ரெஜினா பாட்டுக்கு அதுக்குப் பக்கத்துலயே கையை விட்டு நண்டு கழட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏத்தா, பாத்துன்னு சத்தம் போட்டேன்."

காற்றடிப்பதை நிறுத்தினேன். "கடிச்சுச்சா?"

"கடிச்சா வலிக்கும்ல? அது பாட்டுக்கு வேலை பாத்துச்சு."

கடல்புரத்துக்காரர்களின் கணக்கு அது. கெளுத்தி முள் குத்தினால் உயிர் போய் உயிர் வரும். திருக்கை அடித்தால் பெரிய ஆம்பளைகூடக் கதறுவான். அதனால் கடலில் எது தீண்டினாலும், வலித்தால் வெந்நீரில் முக்கு, வலிக்காவிட்டால் வேலையைப் பார். தலைமுறை தலைமுறையாகப் பட்டுத் தெரிந்துகொண்டது, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கடல் பாம்பு ஒன்றுதான் அந்தக் கணக்குக்குள் வராது. அது கடித்தால் முள் தைத்த மாதிரி ஒரு சுருக்கு, அதற்கு மேல் வலி இல்லை, வீக்கம் இல்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்துச் சதையெல்லாம் கடுக்கும், கழுத்து விறைக்கும், தாடை இறுகும், வாய் திறக்காது. பிறகு கண்ணிமை விழும், மூச்சு அடங்கும். சிதைந்த சதை ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அந்த நேரத்தில் போடவே கூடாத மருந்து ஒன்று உண்டு. அது வலி ஊசி.

யாக்கோபு கடற்கரையில் பிறந்தவர்தான், ஆனாலும் அவருக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. நான் படித்திருக்கிறேன். நுழைவுத் தேர்வில் இந்தக் கேள்வி இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் சரியாக எழுதியவன் நான்.

எழுந்தேன். நாற்காலி விழுந்தது. "முருகலட்சுமி, 108-க்குப் போன் போடு, பிரடெரிக் வீட்டுக்கு வரச் சொல்லு" என்று கத்திக்கொண்டே அலமாரியில் இருந்த ஆம்பு பையை எடுத்தேன். மூச்சு நின்றவனுக்கு முகத்தில் வைத்து அமுக்கிக் காற்று செலுத்துகிற ரப்பர் பை அது. ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிய பிறகுதான் யாக்கோபின் கையில் பிரஷர் பட்டையைக் கழற்றாமல் விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. அவர் அதோடு என் பின்னாலேயே ரோட்டில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

பிரடெரிக் வீட்டு வாசலில் ஜாஸ்லின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். "வாங்க டாக்டர். அம்மா நல்லாத் தூங்குறாக. ஊசி போட்ட அசதி போல, கூப்பிட்டாக் கூட முழிக்கல" என்றாள்.

உள்ளே ரெஜினா பாயில் மல்லாந்து கிடந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. இரண்டு விரலால் கண்ணிமையைத் தூக்கினேன். அவள் தூங்கவில்லை. கருவிழி நேராக என் மேல் நின்றது. எல்லாம் தெரிந்துகொண்டு, இமையைத் தூக்கப் பலமில்லாமல் கிடந்தாள். வாயைத் திற என்றேன், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு விரல்கூடப் போகவில்லை. காலைத் தூக்கச் சொன்னேன், பெருவிரல் மட்டும் லேசாக ஆடியது.

"ஒண்ணுக்குப் போனாங்களா?"

"பதினொரு மணிக்கு நான்தான் தாங்கிக் கூட்டிட்டுப் போனேன். கட்டங்காப்பி மாதிரிப் போச்சு. சூடுன்னு நெனச்சேன்" என்றாள் ஜாஸ்லின். சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. படித்த பிள்ளை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அப்போதுதான் ரெஜினாவின் வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், குண்டூசி முனையால் தொட்டது மாதிரி இரண்டு புள்ளிகள். காலையில் மேஜைக்கு எதிரே, என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இந்தக் கை இருந்தது.

108 வந்தது. டெக்னீஷியன் மாரீஸ்வரன், சுறுசுறுப்பான ஆள். தூக்கி ஏற்றினோம். பிரடெரிக் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான், ஜாஸ்லினை அக்கம்பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் வைத்தோம். நான் இறங்காமல் உள்ளேயே இருந்தேன். நோயாளியை வண்டியில் ஏற்றிவிட்டுக் கையசைப்பதோடு என் வேலை முடிந்துவிடும், இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். அன்றைக்கு இறங்கக் கால் வரவில்லை.

பாம்பன் வருவதற்குள் அவள் மூச்சு குறைந்துவிட்டது. நெஞ்சு தூக்குவதே தெரியவில்லை. பையை முகத்தில் வைத்து அமுக்கத் தொடங்கினேன். மாரீஸ்வரன் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. சுற்றுலா வந்தவர்கள் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு, ரயில் பாலத்தைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சைரன் அலறுகிறது, ஒருவர் எங்கள் வண்டியையும் சேர்த்துப் படம் எடுக்கிறார். பிரடெரிக் இறங்கி ஓடி ஒவ்வொரு காராகக் கும்பிட்டு ஒதுக்கினான்.

எனக்கு உயரம் ஆகாது, அந்தப் பாலத்தில் ஸ்கூட்டரில் போனால்கூடக் கடலைப் பார்க்கமாட்டேன். அன்றைக்கு எனக்குப் பாலமும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. பயந்தால் எனக்கு வாய் மூடாது, மாரீஸ்வரனிடம் என்னவெல்லாமோ பேசினேன். அவன் பாவம், "சார், அமுக்குங்க சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். மண்டபம் தாண்டி, உச்சிப்புளி தாண்டி, ராமநாதபுரம் வரைக்கும் அமுக்கினேன். இறங்கும்போது இரண்டு கையும் மரத்துப்போய் விரல் மடங்கியபடியே நின்றது.

ஆஸ்பத்திரியில் தயாராக இருந்தார்கள். கடல் பாம்பு விஷத்துக்கு முறிவு மருந்து நம் நாட்டில் கிடையாது. உடனே குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். நான் வழிச்சீட்டு எழுத உட்கார்ந்தேன். எப்போது கடித்தது, எப்போது முதலில் பார்த்தது, என்ன மருந்து கொடுத்தது என்று எழுத வேண்டும். 'முதலில் பார்த்தது பிற்பகல் ஒரு மணி' என்று எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த யோசனை எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பேனாவை மூடி மூடித் திறந்தேன். கடைசியில் ஒன்பதரை மணி என்றும், ஊசியின் பேரையும் அளவையும் எழுதிக் கொடுத்தேன். அங்கிருக்கிறவர்கள் சரியாக வைத்தியம் பார்க்க அது வேண்டும். ஒழுக்கத்தால் எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். அவள் செத்துவிடுவாளோ என்ற பயத்தில் எழுதினேன்.

ஐந்து நாள் வென்டிலேட்டர். இரண்டு வாரத்தில் ஆறு தடவை டயாலிசிஸ். சிறுநீரக டாக்டர் சின்ன வயசுக்காரர், மேற்படிப்பு படித்தவர், பெயருக்குப் பின்னால் கமாக்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. சீட்டைப் பார்த்துவிட்டு, "பெயின் இன்ஜெக்ஷன் போட்டீங்களா சார்?" என்றார். போட்டேன் என்றேன். "அதுவும் கிட்னியக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து, என் தலைமுடியின் நரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நீங்க பையை அமுக்கிக் கூட்டிட்டு வரலன்னா, கிட்னியப் பத்திப் பேசவே ஆள் இருந்திருக்காது சார்" என்றும் சொன்னார். இரண்டும் உண்மை. எனக்கு முதலாவதுதான் காதில் நின்றது.

வராந்தாவில் பிரடெரிக் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீங்க வீடு தேடி வந்ததாலதான் டாக்டர்" என்று தேம்பினான். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "காப்பி குடிக்கிறியா பிரடெரிக்?" என்று வந்தது. இரண்டு பேரும் காப்பி குடித்தோம்.

ரெஜினா ஊருக்குத் திரும்பிய ஒரு வாரத்தில் என் பெஞ்சில் இடமில்லாமல் போனது. காரணம் தெரியாமல் முழித்தேன். முருகலட்சுமிதான் சொன்னாள். "ரெஜினாக்காவை அந்த ஊசிதான் ராம்நாடு வரைக்கும் உயிரோட கொண்டுபோய்ச் சேத்துச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு சார். எல்லாருக்கும் அந்த ஊசி வேணுமாம்." ரூபஸே வந்து, "சார், எனக்கு ரெஜினா ஊசி ஒண்ணு" என்று சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நின்றான். நான் தலையால் தண்ணீர் குடித்தேன். அது நல்ல ஊசி இல்லை, அவளுக்கு அதைப் போட்டதே தப்பு என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். "பாத்தியாலே, எம்புட்டு அடக்கம்" என்று யாக்கோபு பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல பேர், நான் செய்த மோசமான வேலைக்காகக் கிடைத்தது. ஊரில் அதன் பிறகு வலி ஊசி கேட்பவர்களுக்கு மாத்திரை மட்டும்தான் கொடுக்கிறேன். நல்ல ஊசியை டாக்டர் பதுக்கி வைத்திருக்கிறார் என்று இப்போது பேச்சு.

ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு ரெஜினா ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்தாள். மெலிந்திருந்தாள், நடையும் இன்னும் தளர்வு. சிறுநீரகம் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டதென்று சீட்டு சொன்னது. முருகலட்சுமியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். இந்த முறை காப்பியை நினைக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

"ரெஜினா, அந்த ஊசி உன்னைக் காப்பாத்தல. கெடுதல்தான் பண்ணுச்சு. காலையில நீ வந்தப்பவே நான் கண்டுபிடிச்சிருக்கணும். நீ ஆறு தடவை டயாலிசிஸ் பண்ணுனதுல என் பங்கும் இருக்கு."

"தெரியும் டாக்டர்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"வண்டியில நீங்க பேசுனது பூரா எனக்குக் கேட்டுச்சு. கண்ணைத் தொறக்க முடியல, கை அசையல, காது மட்டும் நல்லாக் கேட்டுச்சு. பாலத்துல வண்டி நின்னப்ப, ஊசியப் போட்டு அனுப்பிட்டேனே, இந்தப் பொம்பளையக் கொன்னுட்டேனேன்னு அந்தத் தம்பிகிட்ட அழுதீக. அழுதுக்கிட்டே அமுக்குனீக."

"பெறகு ஏம்மா ஊரெல்லாம் இப்பிடிப் பேசுது?"

"நாந்தான் சொன்னேன். எம்புருசன்கிட்ட, கோயில்ல, கரையில எல்லார்கிட்டயும். ஊசிதான் காப்பாத்துச்சுன்னு." சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நெசத்தைச் சொன்னா எவனும் உங்ககிட்ட வரமாட்டான். நீங்களும் வெக்கப்பட்டுக்கிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிருவீக. நாளைக்கு எம்புருசனுக்கோ எம்மகளுக்கோ மூச்சு நின்னுச்சுன்னா, பாலம் தாண்டுற வரைக்கும் அமுக்குறதுக்கு இங்கன வேற யாரு டாக்டர் இருக்கா?"

"மன்னிச்சுரும்மா" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

"ஊசிய மன்னிச்சுட்டேன். அது தெரியாமப் போட்டது." எழுந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னால என்னைய வச்சுச் சிரிச்சீக. எனக்கு அப்பவே வாயை நல்லாத் தொறக்க முடியல. ஆனாலும் நீங்க சிரிக்கிறீகளேன்னு நானும் சிரிச்சேன். அதுதான் டாக்டர் மறக்க மாட்டேங்குது."

அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில் என்று கேட்டாள். சொன்னேன். கதவைத் திறந்துவிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.